இளையோர் பிரிவு, வயது ஐம்பத்தாறு

பொடியனுக்கு வயது ஐம்பத்தாறு. முழங்கால் வலி, மூக்குக்கண்ணாடி, பேரன் என்று சகலமும் உண்டு. ஆனாலும் துப்பாக்கிச் சங்கத்தில் அவர் இளையோர் பிரிவு. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான்.

இயந்திரம் வானத்தில் வீசும் களிமண் தட்டை, அது தரையைத் தொடுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 'பன்னிரண்டு முதல் எண்பது வரை யாரும் வரலாம்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். எண்பதுகள் வந்தார்கள். பன்னிரண்டுகளுக்கு வேறு ஜோலி இருந்தது. இளையோர் பிரிவு காலியானால் சங்கத்தின் அங்கீகாரமே போய்விடும் என்பதால், பொடியனுக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் இளையோரின் வயது வரம்பையும் ஒன்று கூட்டிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

கமிட்டியில் ஐந்து நாற்காலி, பெரியோருக்கு மட்டும். ஐந்தாவது ரொம்ப நாளாகக் காலி. ஒரு நாளாவது அதில் உட்கார்ந்தே தீருவது என்று பொடியன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் என்னைப் பெரியவனாக்கிடுவாங்க," என்பார் மனைவியிடம்.

"உங்க பேரன் முந்திக்குவான்," என்பாள் அவள்.

அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். நாற்பத்திரண்டு வயது. துப்பாக்கி உதைத்து நொந்த சங்கத்தின் வலது தோள்கள் அத்தனையும் அவள் கைபட்டவை.

"எல்லாரும் தோளைப் பிடிச்சுக்கிட்டு எங்கிட்ட வர்றீங்க. அப்படி இங்க என்னதான் பண்றீங்கன்னு பார்க்க வந்தேன்," என்றாள்.

"யாரு இந்தக் குழந்தை?" என்று கேட்டார் தலைவர். அவருக்கு எண்பத்தொன்று.

பொடியனுக்குத் தலைகால் புரியவில்லை. இளையோருக்கு ஆள் கிடைத்தாயிற்று! அவரே ஓடிப்போய்ப் படிவம் வாங்கி வந்து நிரப்பினார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது வாரம் அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளைச் சேர்த்த கையோடு பொடியனைப் பெரியோராக்கி, ஐந்தாவது நாற்காலியையும் கொடுத்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. அன்று அவர் வீட்டில்கூட அதே மாதிரிதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மாதம், இருபத்தைந்து தட்டில் அவள் இருபத்திரண்டை உடைத்தாள். தலைவரின் வாழ்நாள் சாதனை பதின்மூன்று. ஆண்டுக் கோப்பைக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. கமிட்டி அவசரமாகக் கூடியது.

"அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுய்யா. அப்புறம் அது எப்படி நியாயமான போட்டியாகும்?" என்றார் பொருளாளர்.

இளையோர் முதல் பத்து வருஷம் கோப்பைக்குச் சுடக் கூடாது என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டு உயரவில்லை. எல்லோரும் பொடியனைப் பார்த்தார்கள்.

இது அயோக்கியத்தனம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பட்டவருக்குத் தெரியாமலா? ஆனால் முதன்முதலாக அவர் ஓட்டுக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். அந்தச் சுகமே தனி. தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினார்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் கோபப்படவே இல்லை.

"நீங்களுமா அண்ணா?" என்று மட்டும் பொடியனைக் கேட்டாள். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, "என் பேரை அடிச்சிடுங்க சார். தோள் வலிச்சா வழக்கம்போல கிளினிக்குக்கு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செயலாளர் பதிவேட்டை எடுத்து அவள் பெயரை அடித்தார். இளையோர் பக்கத்தில் இப்போது ஒருவருமில்லை. அவர் அந்தப் பக்கத்தைத் தலைவரிடம் காட்டினார். தலைவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகுந்த வாஞ்சையோடு பொடியனைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் வெளிய இருப்பா. பெரியவங்க பேச வேண்டியிருக்கு."