பியானோவின் வலது பக்கம்

திருச்சி பஸ்ஸில் வந்து இறங்கிய ஞானமணி அக்கா, பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்ததும் கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, நேரே மேடையேறிப் பியானோவின் வலது பக்கம் உட்கார்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் இடங்கள் கான்வென்ட்டில் படித்தபோதே முடிவாகிவிட்டவை. இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலு கையால் வாசிக்கிற பாட்டுகளைத்தான் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாட்டுகளின் பெயர்கூட பம்பரம், பொம்மை, ஊஞ்சல் என்று எல்லாம் பிள்ளை விளையாட்டு. வலது பக்கத்துக்கு மெட்டு, இடது பக்கத்துக்கு வெறும் டம் டம். மூத்தவள் என்பதால் மெட்டு அக்காவுக்கு, இளையவளான எனக்கு டம் டம். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தட்டுவேன். வீட்டுப் புளியமரத்து ஊஞ்சலிலும் அவள் ஆடுவாள், நான் பின்னாலிருந்து தள்ளுவேன். அவள் கல்யாணமாகிப் போனாள். நான் புதுக்கோட்டையிலேயே பாட்டு டீச்சரானேன். யாராவது ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால் எதை வாசிப்பது? என் பாகத்தைத் தனியாக வாசித்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

அதனால்தான் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்க ஊஞ்சல் பாட்டை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை மெட்டு எனக்கு, நீ இடது பக்கம் பழகிக்கொண்டு வா என்று முன்கூட்டியே எழுதினேன். சரி என்று பதிலும் போட்டாள். தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு விரல் வலிக்க வலிக்கப் பழகினேன்.

ஞாபகப்படுத்தியதும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள். ஆரம்பித்தோம். என் மெட்டு நன்றாகத்தான் எழும்பியது. அடியில் ஒன்றுமே இல்லை. அக்கா தப்பாகத் தட்டினாள், தேடினாள், நிறுத்தினாள். மறுபடியும் அப்படியே.

"பழகிட்டு வரலையாக்கா?"

"ஒன் பாகத்துல பழகுறதுக்கு என்ன இருக்கு? தட்டுறதுதானே, ஒக்காந்தா வந்துரும்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். முதல் நிகழ்ச்சி நாங்கள்தான் என்று ஒரு டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா எழுந்தாள்.

"செல்வம், நீ பழையபடி இங்கிட்டு வந்துரு. நல்லா அமைஞ்சுரும்."

நல்லா அமைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த டம் டம்மைத் தப்பில்லாமல் தட்டிவிடுவேன்.

"நான் எந்திரிக்க மாட்டேன்க்கா."

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது பக்கமே உட்கார்ந்தாள். திரை விலகியது. கடைசிக் கட்டையின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துக்கொண்டு, எப்போது தட்டுவது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.