தொண்ணூற்றொன்பதாம் எண்

ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. கதிரவன் மோட்டாரைப் போட்டான். வாசலில் கிடந்த இரண்டு பால் பாக்கெட்டுகளையும் கழுவினான். ஒன்றைக் காய்ச்சினான், மற்றதை ஃபிரிட்ஜில் வைத்தான். மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு காபி, தனக்கு ஒன்று. ஜன்னல் ஏர்கூலரில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றினான். மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். இந்துஜா இறந்து முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

பத்து மணிக்குச் சுபாஷிணி வந்தாள். இந்துஜாவோடு ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவள். சாவுக்கு வந்தபோது சமையலறையை விட்டு வெளியே வராமல் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்று கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டும் இருந்தன.

"இன்னிக்கு ஆபீஸ் ஆளா வந்திருக்கேன் கதிர். வேற யாரையாவது அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. நானே போறேன்னுட்டேன்."

"உக்காரு."

உள்ளறையில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. இந்துஜாவின் அப்பா ஜோதிலிங்கம் அங்கிருந்தே பேசினார்.

"ஏம்மா, செத்தவளுக்கும் கேள்வித்தாளா?"

"எல்லாருக்கும் உண்டு அங்கிள்."

"ஆஸ்பத்திரிலதான் எழுதிக் குடுத்துட்டானே."

"கொண்டுவரும்போதே உயிர் இல்லைன்னு எழுதியிருக்காங்க. அது காரணம் இல்லியே அங்கிள்."

செய்தித்தாள் மறுபடியும் விரியும் சத்தம் கேட்டது.

வீட்டிலோ வழியிலோ இறந்துபோகிறவர்களுக்கு டாக்டர் எழுதிய காரணம் இருக்காது. ஒரு மாதம் கழித்து இந்துஜாவின் ஆபீஸிலிருந்து அந்த வீட்டுக்குப் போய், என்ன நடந்தது என்று கேட்டு, சொல்கிறவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த வார்த்தைகள் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு உபாதைக்கும் ஓர் எண். எண்ணுக்குக் கீழே, ஜனங்கள் அதை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்ற பட்டியல். தமிழ்ப் பட்டியல் இந்துஜா செய்தது. எதிலும் சேராத சாவுகள் தொண்ணூற்றொன்பதாம் எண்ணில் போய் விழும். அந்த எண்ணுக்கு அர்த்தம், காரணம் தெரியவில்லை. அவள் அதைக் குப்பைக்கூடை என்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, பட்டியலுக்கு வந்த தமிழ்ச் சாவுகளில் ஐந்தில் இரண்டு அந்தக் கூடையில் கிடந்தன. போன வருடம் பத்தில் ஒன்று. அந்தக் கணக்கு வந்த அன்றைக்கு டெல்லி கோல் மார்க்கெட்டில் அரைக் கிலோ ரசகுல்லா வாங்கி வந்து, பாதியைப் பஸ்ஸிலேயே தின்றிருந்தாள்.

மெட்ரோவில் நின்றுகொண்டே கேட்பாள்: "கதிர், உங்க ஊர்ல தலை கிறுகிறுங்குதுன்னா விழுற மாதிரியா, சுத்துற மாதிரியா?" பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனால் கடைக்காரரின் மூட்டுவலியை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் போனில் ஏற்றிக்கொண்டு வருவாள். முருங்கைக்காயை மறந்துவிடுவாள். சனிக்கிழமைகளில் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப். அங்கே அவளை எண்ணுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். போன ஜூனில் கேம்பை இடித்த அன்று அவள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "இதையெல்லாம் சொன்னவங்க யாரும் இப்ப அங்க இல்ல" என்றாள்.

சுபாஷிணி டேப்லெட்டைத் திறந்தாள்.

"ரூல் உனக்குத் தெரியும். நான் எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. அப்புறம்னு மட்டும்தான் கேப்பேன்."

தெரியும். அந்த விதியைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே இந்துஜாதான்.

"காலைல எந்திரிச்சா. காபி குடிச்சா. குளிக்கப் போறப்ப உக்காந்துட்டா. ஆட்டோல கூட்டிட்டுப் போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள..."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

சுபாஷிணி எழுதியதைப் படித்துக் காட்டினாள். ஐந்து வரி. அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. கூலர் இரைந்துகொண்டிருந்தது.

இப்படியே அனுப்பினால் அது எங்கே போய் விழும் என்று அவனுக்குத் தெரியும்.

பட்டியலில் ஒரு வரி அவன் டைப் செய்தது. இரண்டு வருடம் முன்பு, அவள் கையெல்லாம் சப்பாத்தி மாவாக இருந்தபோது. கேம்பில் செங்கம்மாள் என்ற பெண் இறந்திருந்தாள். மூன்று நாளாகத் தாடையைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனாள் என்று அவள் புருஷன் சொல்லியிருந்தான். தாடை வலி பல் கணக்கில் மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து இதயத்துக்கும் ஒரு கோடு போட வேண்டும் என்று இந்துஜா இரண்டு வாரம் ஆபீஸில் சண்டை போட்டாள். ஒப்புதல் வந்த அன்று, "டைப் பண்ணு, டைப் பண்ணு, ஜல்தி, மனசு மாத்திக்கப் போறாங்க" என்றாள். அவன் தட்டினான். முழங்கையால் அவன் முதுகில் இடித்துச் சிரித்தாள்.

இப்போது அவன் வாயைத் திறந்தால் உள்ளறையில் இருக்கும் மனிதருக்கும் தெரிந்துவிடும். மூடிக்கொண்டால் அவளைக் கூடையில் போட வேண்டும்.

"அவளுக்கு ரெண்டு நாளா தாடை வலிச்சுது" என்றான்.

சுபாஷிணியின் விரல் நகர்ந்தது.

"அப்புறம்?"

"இடது பக்கம். எங்கிட்ட சொன்னா. பல்லுன்னுதான் நெனச்சோம். ரெண்டு பேருமே. உப்புத் தண்ணி வச்சுக் குடுத்தேன். பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கினேன். ரொம்ப வேர்த்துச்சு. டெல்லியில மே மாசம் யாருக்கு வேர்க்காது?"

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. ஜோதிலிங்கம் அறை வாசலில் வந்து நின்றார். பனியனோடு இருந்தார். கதிரவன் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்டயும் போன்ல சொன்னா மாப்ள" என்றார். "கிராம்பு வச்சுக்கோம்மான்னேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அதையும் எழுதிக்கோம்மா."

"எழுதறேன் அங்கிள்."

எழுதி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் டேப்லெட்டைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"ஆட்டோல என் தோள்ல சாஞ்சிருந்தா. மந்திர் மார்க் சிக்னல் விழுந்திடுச்சு. ஆட்டோக்காரன் ஹார்ன் அடிச்சிட்டே இருந்தான். கைய நெஞ்சு மேல வச்சா. அவளே வச்சா. அப்புறம் ஒண்ணு சொன்னா."

"அவ சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான்.

"சனிக்கிழமை பல் டாக்டர கேன்சல் பண்ணிடு கதிர்."