மேலே ஏறாத தண்ணீர்

கிரேன்காரர் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து அவர் மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். நீ ஏன் நகத்தைக் கடிக்கற? ஊசி குத்தினது எனக்கு."

"குத்தினது உங்களுக்குத்தான். சுருக்குன்னது எனக்கு."

போன மாதம் இதே கிளினிக்கில்தான் கம்பெனி டாக்டர் சொன்னார்: பிரஷரும் ஏறியிருக்கிறது, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருக்கிறது. ஒரு மாதம் பார்க்கலாம், குறையவில்லை என்றால் கிரேன் கேபினில் ஏறக்கூடாது. கேபின் போனால் கிடங்கு வேலை, பாதிச் சம்பளம். உப்பைக் குறை, நட, கீரை காய் சாப்பிடு, நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடி என்று பட்டியல் போட்டார். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

விலைக்குப் பயந்து பழக்கடையைத் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்து போகிறவள் என்ன செய்வாள்? கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போய், வாடின கீரையையும் ஒரு பக்கம் அடிபட்ட பூசணியையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்தாள். உப்பைப் பாதியாக்கினாள், தானும் அதையேதான் தின்றாள். பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டு, அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கும் அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கும் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். தண்ணீருக்கு மட்டும் காசே வேண்டாம். தினமும் காலையில் காய்ச்சி ஆற்றி இரண்டு பெரிய பாட்டில்களில் நிரப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் காலியாகத் திரும்பும் பாட்டில்களைப் பார்த்தால் அவள் மனம் குளிர்ந்துபோகும்.

"அட, தங்கச்சியும் வந்திருக்கா!"

'விசில்' என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் உள்ளே வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று ஊதிச் சைகை காட்டுகிறவர். மீசை நரைத்த மனிதர். அவருக்கும் இன்றைக்குப் பரிசோதனை.

"உன் புண்ணியத்துல ஒரு மாசமா கீழ எங்க யாருக்கும் தாகமே இல்லம்மா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்தத் தண்ணிதான். மாப்ள ஏணியில கால வைக்கறதுக்கு முன்னாடி பையை என் கையில குடுத்துடுவாரே."

கிரேன்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிலுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். டோக்கன் வாங்கவேண்டும் என்று நழுவிவிட்டார்.

"ஒரு மடக்குகூடவா குடிக்கல?"

"மெதுவா பேசு. அந்த உயரத்துல எனக்குன்னு கக்கூஸா கட்டி வச்சிருக்கான்? இறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி. கலவை வண்டி காத்துக் கிடக்கும். 'மகாராஜா எங்க கிளம்பிட்டாரு'ன்னு சூப்பர்வைசர் ரேடியோவுல ஊருக்கே கேக்கறாப்புல கத்துவான். இருபது வருசமா காலையில ஒரு டீ, சாயங்காலம் இறங்கினப்புறம்தான் தண்ணி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து காய்ச்சி ஊத்தற. உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "பிரஷர் நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா கிரியாட்டினின் அதே இடத்துல நிக்குது. தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேங்க."

"மூணு லிட்டர்? தினமும்?"

"தினமும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவு குடிச்சும் இறங்கலன்னா கிட்னியிலயே கோளாறு இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். அதுவரைக்கும் கேபின் வேண்டாம்."

பேனா காகிதத்தைத் தொட்டது. அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். வாயைத் திறந்தால் புருஷன் பொய்யன். திறக்காவிட்டால் கிடங்கு.

"அவரு குடிக்கல டாக்டர்."

"ஏய்..."

"பகல் முழுக்க ஒரு சொட்டுகூடக் குடிக்கல. மேல ஒதுங்க இடமில்ல. இறங்கினா திட்டறாங்க."

டாக்டர் பேனாவை மூடாமலே அவரைப் பார்த்தார். "எத்தனை வருசமா?"

"இருபது," என்றார் கிரேன்காரர், வாய்க்குள்ளேயே.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? இல்லாத வியாதியை நான் தேடிக்கிட்டிருப்பேனே!" அந்தத் தாளை விட்டு வேறொன்றில் எழுதினார். "பதினஞ்சு நாள் தரேன், கேபினுக்குப் போங்க. குடிங்க. வேலை நேரத்துல ரெண்டு தடவை இறங்கணும், எழுதியிருக்கேன். சூப்பர்வைசர்கிட்ட குடுங்க."

தெருவுக்கு வந்ததும் கிரேன்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"மானத்த வாங்கிட்ட."

"ஆமா, வாங்கிட்டேன்."

"சூப்பர்வைசர் சரின்னு தலையாட்டுவான். அடுத்த வாரமே வேற ஆளைத் தேடுவான்."

அவள் நடையை எட்டிப்போட்டாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

கட்டடத்து வாசலில், கையில் ரேடியோவோடு சூப்பர்வைசர் நின்றிருந்தார். கிரேன்காரரின் நடை தளர்ந்தது. டாக்டர் கொடுத்த சீட்டு சட்டைப் பைக்குள் போகப் பார்த்தது.

"நாளைக்குக் குடுக்கறேனே."

"பதினஞ்சு நாள்ல ஒண்ணு போயிடும்."

"நீ குடேன்."

"நான் குடுத்தா அதுக்கும் சேத்துச் சிரிப்பாங்க. போங்க. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் போனார். சூப்பர்வைசர் சீட்டைப் படித்தார், மேலே கேபினை அண்ணாந்து பார்த்தார், மறுபடி படித்தார். அவர் உதடு அசைந்தது. கலவை இயந்திரத்தின் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர் சரியென்று தலையாட்ட, அது திரும்பிவிடுமோ என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

அது திரும்பவில்லை.

"இல்ல சார், ரெண்டு தடவை!" இரைச்சலுக்கு மேலே கேட்டது அவர் குரல். "ஒண்ணுக்குப் போகத்தான். நல்லாப் படிங்க."