கடைவாய்ப் பல்லும் நீச்சல் குளமும்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போடும்போது டாக்டர், “என்னமா மூச்சு புடிக்கிறீங்க! நீங்க நீச்சல் கத்துக்கணும்மா” என்றார். அறுபது தாண்டிய தையல்காரம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை, கேட்கத்தான் நாதியில்லை. மறுநாளே நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள்.

“நீ எறங்குனா தண்ணி மொத்தமும் வெளிய வந்துரும்டி” என்றார் கணவர்.

முதல் வாரம் பாதிக் குளத்தைக் குடித்தே தீர்த்தாள். பிறகு அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்த, அதே மனுஷன் கரையில் துண்டோடு நின்றார்.

அடுத்த பல்லுக்குப் போனபோது டாக்டருக்கு நன்றி சொன்னாள். அவர் நெளிந்தார்.

“ஐயோ, ஊசியப் பாத்துப் பயப்படக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றதும்மா அது!”

“அப்படியா?” என்று நாற்காலியில் சாய்ந்தாள் அவள். “பாவம், மத்தவங்கல்லாம் வீணாக்கிட்டாங்களே!”