அடுப்பைச் சுற்றாத அப்பன்

என் தங்கை ஃபீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து அன்று ஐந்தாம் நாள். ஏதென்ஸில் ஐந்தாம் நாள் என்றால் அப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓடவேண்டும். ஓடினால்தான் அது அந்த வீட்டுப் பிள்ளை. விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் அனுப்பிய கணவாய் மீன் கூடை கூடையாக வந்து இறங்கியது. பெண் பிறந்ததைச் சொல்ல வாசல் கதவில் கட்டும் கம்பளி நூலும் தயார்.

ஒரே ஒரு பயம்தான். தங்கை புருஷன் நிகாண்டர் போன கோடையில் கிறிஸ்துவின் கூட்டத்தில் சேர்ந்து ஆற்றில் முங்கி எழுந்துவிட்டான். இது எனக்கும் ஃபீலாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் அப்பா தேமியாஸ் மாமாவின் காதுக்குப் போனால் வீடு இரண்டுபடும்.

மாமா அடுப்புத் தெய்வம் ஹெஸ்தியாவைக் கும்பிட்டு, தீயில் சாம்பிராணியைத் தூவினார்.

"ம், ஓடுடா."

நிகாண்டர் பிள்ளையோடு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்னால முடியாதுப்பா."

சுற்றி நின்ற சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீயைக் கும்பிடத்தான் முடியாதென்றான் அவன். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அப்பன் பிள்ளையை வேண்டாமென்கிறான்.

"பொண்ணுதானே. உன் இஷ்டம்" என்ற மாமா, வேலைக்காரியிடம் திரும்பினார். "அந்த மண்பானையை எடுத்துட்டு வா."

வேண்டாத பிள்ளையைப் பானையில் வைத்துத்தான் ஊருக்கு வெளியே விட்டுவருவார்கள். ஃபீலா படுக்கையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

அப்போதுதான் நிகாண்டருக்கு விஷயம் புரிந்தது.

"பானை எதுக்குப்பா? பிள்ளையை வேண்டாம்னு யாரு சொன்னா? தீயைத்தான் கும்பிட மாட்டேன். என் சாமி வேற."

மாமா சாம்பிராணிக் கிண்ணத்தைத் தட்டென்று கீழே வைத்தார். "ஓ, அப்படியா சங்கதி. சுத்தாத பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்ல. போய் உன் சாமிகிட்டயே கேளு."

"மதினி..." என்று என்னைப் பார்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னை ஏன் பாக்கறே, பெரிய பக்தா? பிள்ளையைத் தூக்கிப் போடறது பாவம்னு எங்களுக்குப் பாடம் எடுத்தவன் நீதானே. உனக்குக் கால் இருக்குல்ல? ஏதாவது பண்ணு."

அவன் அடுப்பைப் பார்த்தான். ஃபீலாவைப் பார்த்தான். சட்டென்று ஒரு முக்காலியை முற்றத்தின் நடுவே இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைச் சுற்றி ஓட ஆரம்பித்தான்.

"டேய், அடுப்பு இங்க இருக்கு" என்றார் மாமா.

"இவ இல்லாம இந்த வீட்டுல அடுப்பு ஏதுப்பா?" ஓட்டத்தை நிறுத்தாமலே சொன்னான்.

ஒரு செருப்பு கழன்று பறந்தது. பிள்ளை வீறிட்டது. யாரோ ஒருத்தி கைதட்ட, மற்றப் பெண்களும் தட்டத் தொடங்கினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலைக்காரி கையிலிருந்த பானையைப் பிடுங்கினேன். தண்ணீரை ஊற்றி, கணவாயை அள்ளிப்போட்டு, ஹெஸ்தியாவின் தீயிலேயே ஏற்றிவைத்தேன்.

"இனி இந்தப் பானை காலி இல்ல மாமா."

மாமா பானையைப் பார்த்தார். மூச்சிரைக்க நின்ற மகனை, அவன் கையில் கத்தும் பேத்தியைப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உப்பு போட்டியா?" என்றார்.