இறங்கினவர்கள்

வாசகர்கள் எல்லோருக்கும் வணக்கம். உடம்பு சுகந்தானே? மழை விடாமல் பெய்கிறது, வெந்நீர் குடியுங்கள்.

ஜொகூர் பாருவில் கல் சுமக்கும் கூலிகள் இருந்த லயத்தில், வேலுவும் அங்கம்மாவும் குடியிருந்த வீடு மட்டும் கப்பலைப்போல ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகள் ஆடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் 1913-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, முதலில் லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரம் சீவினார்கள். அங்கே கொடுத்த வீடும் ஆடியது. பிறகு கடலில் கல் கொட்டி சிங்கப்பூருக்குப் பாதை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார்கள். ஆட்டமும் கூடவே வந்தது. அங்கம்மா பானைகளைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைப்பாள். குழம்பு சட்டியில் ஒரு பக்கமாக ஒதுங்கியே கொதிக்கும். கூலிகளை மேய்க்கும் மண்டோர் வந்து தூண்களுக்கு ஆப்பு வைத்துப் பார்த்தார், ஆட்டம் நிற்கவில்லை. காற்றோட்டமான வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை மட்டும் வேலு திறக்க விடவில்லை. அடுத்த வருடம் திரும்பப் போகிறோம், எதற்கு அவிழ்த்துக் கட்டுவது என்பான். வருடா வருடம் அதையே சொன்னான்.

கப்பலேறும்போது அவர்கள் மூன்று பேர். அங்கம்மாவின் அக்கா கிருஷ்ணம்மா நடுக்கடலில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடினாள். வெள்ளைத் துணியில் சுற்றித் தண்ணீரில் விட்டார்கள். துணி முழுகுமுன் உள்ளே கால் அசைந்ததை அங்கம்மா பார்த்தாள். அலைதான் அசைத்தது என்றார்கள் மற்றவர்கள். அவள் அக்காவுக்கு ஒரு வருடமும் படையல் போடவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு எப்படிப் படைப்பது?

கல் வரிசை பாதிக் கடல்வரை போனதும், தண்ணீருக்குள் குடியிருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று கரையேறிப் பார்க்க வந்தார்கள். காதுக்குப் பின்னால் செவுள், விரலிடுக்கில் வாத்துக்காலைப்போலத் தோல், பக்கவாட்டில் மூடும் இமை, மற்றபடி நம்மைப்போலத்தான். ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். பாதிச் சனம் கிழக்கே, பாதிச் சனம் மேற்கே, நடுவில் கல் வருகிறதென்றால் யாருக்குத்தான் இருப்புக்கொள்ளும்? கப்பலில் இருந்து விழுந்தவர்களிடம் கற்ற தமிழ் பேசினார்கள். மண்டோர் அவர்களை மீன்காரர்கள் என்றார், கூலிகள் தண்ணிக்காரர்கள் என்றார்கள். எந்தப் பேருக்கும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அமானுல்லாவின் கடையில் உப்புப் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு மீன் கொடுத்துப் போவார்கள்.

ஒரு நாள் அங்கே ஒரு தண்ணீர்ப் பெண் கோப்பையைத் திருப்பி நீட்டினாள். "பாய், உப்பு பத்தல."

"கடலையே குடிச்சிட்டு வந்து பத்தலங்கிறியே, நான் என்ன உப்பளமா வச்சிருக்கேன் லா" என்றார் அமானுல்லா.

"மூஞ்சியப் பாரு, சீமைக்குப் பொண்ணு பாக்கப் போற மூஞ்சி."

வாசலில் போய்க்கொண்டிருந்த அங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அந்த வசவை உலகத்திலேயே ஒருத்திதான் சொல்லுவாள்.

"இத யாரு ஒனக்குச் சொல்லித் தந்தா?"

"வெள்ளத் துணியில வந்தவ. எங்க புள்ளைங்களுக்கெல்லாம் அவதான் வசவு வாத்தியாரு. கெழக்கால இருக்கா."

"வரச் சொல்லு அவள."

"நாங்க சொன்னா வரமாட்டா. கரையில யாரும் என்னயத் தேடலன்னு வீம்பு. கல்லு அக்கரைய முட்டுறதுக்குள்ள நீயே கூப்புடு. கரையில வச்ச பேரு தண்ணிக்குள்ள கேக்காது, எங்க பேரச் சொல்லு."

"ஒங்க பேரு என்ன?"

"எங்கள நாங்க இறங்கினவங்கன்னு சொல்லிக்குவோம். ஒங்கள இன்னும் இறங்காதவங்கன்னு சொல்லுவோம்."

"நாங்க இறங்கிப் பத்து வருசம் ஆச்சே."

"அப்புறம் ஏன் ஒன் வீடு ஆடுது?" என்றாள் அவள். "இறங்கினவளுக்குத்தான் அந்தப் பேரு வாயில வரும். சொல்லிட்டா மறுபடி கப்பலேற முடியாது. யோசிச்சுக்க."

வீட்டில் வேலு பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான். "ஏ புள்ள, எங்காத்தா ஊருல வழியவே பாத்துக்கிட்டு இருக்கு. செத்தவளக் கூப்புட ஊர விடச் சொல்றியா?"

"செத்தவன்னு சொல்லாதீங்க. காலு அசைஞ்சுச்சு."

"அப்ப நான் மட்டும் போவேன்."

"போங்க. பெட்டிய வச்சிட்டுப் போங்க, அதுல அக்கா சேல கெடக்கு."

கடைசி இடைவெளியை அடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளையில். அங்கம்மா கல் நுனியில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை. காலடிக் கல் கப்பல் தட்டைப்போலச் சாய்ந்தது. வீட்டுப் பின்புறம் நட்டு ஒரு காயும் பறிக்காத முருங்கையை நினைத்தாள். எப்படியும் போய்விடுவோம் என்று யாரோடும் ஒட்டாமல் இருந்ததை நினைத்தாள். பிறகு, "இறங்கினவங்களே, நானும் இறங்கிட்டேன்" என்று கூப்பிட்டாள். காலடிக் கல் ஆடாமல் நின்றது. கிழக்குப் பக்கக் கடலில் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. கொட்டிய கல் சரிந்து விழ விழ, இடைவெளியின் நடுவே புகுந்து கிருஷ்ணம்மா இந்தப் பக்கம் எழுந்தாள், கப்பலேறிய அதே வயதில்.

"ஏண்டி, ஒரு பேரச் சொல்ல இத்தன வருசமா? எஞ் செவப்புச் சேல எங்க? மாத்துத் துணி இல்லாம நாந்தான் அங்க கெடக்கேன்."

அங்கம்மா வீட்டுக்கு ஓடினாள். பெட்டியின் கயிறு அறுந்து கிடந்தது. வேலு மடியில் சேலையை வைத்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். வீடு ஆடவில்லை, அதுதான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் அந்தப் பேரைச் சொல்லாதவன், அதனால் இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் ஆத்தாளைப் பார்த்தான். துறைமுகத்தில் அங்கம்மாவும் ஏறப் பார்த்தாள். எவ்வளவு தாழ்த்தினாலும் கப்பல் படி அவள் காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. ஊரிலும் இருக்க முடியாமல் வேலு திரும்பி வந்தான். அசையாத வீட்டில் தூக்கம் வராது என்று சீனர் ஒருவரின் சம்பான் படகைக் கேட்டு வாங்கிக் கரையோரம் கட்டி அதில்தான் படுத்தான். வெள்ளிக்கிழமைகளில் கிருஷ்ணம்மா சாப்பிட வருவாள். போகிற வழியில் சம்பானை ஒரு ஆட்டு ஆட்டி, "இன்னும் இறங்கலியாடா மாப்ள?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போவாள். முருங்கையில் காய் பறித்தார்கள். குழம்பில் உப்பு மட்டும் அன்றைக்குக் கூடுதலாக இருக்கும்.

உங்கள் வீட்டில் தரை ஆடினால், யார் இன்னும் இறங்கவில்லை என்று விசாரித்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.