நீல நூல் போட்ட மூலை

போர்வையின் மெஷின் தையலில் கீழ் நூலின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அவ்வளவு லட்சணமான தையல். வேறு யாராவது போட்டிருந்தால் மருமகள் வாய்விட்டுத் திட்டியிருப்பாள். போட்டது அவளேதான் என்பதால், பேசாமல் நூலை உருவி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் மாமியார் வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். காலையில் வந்த நர்ஸம்மா மருமகளை வாசலுக்குக் கூட்டிப்போய், "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றுவிட்டுப் போயிருந்தாள். பெரிய கூட்டமா இருக்கிறது சொல்வதற்கு? நாத்தனாருக்கு போன் போட்டாயிற்று, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். கணவன் ஆக வேண்டியதைப் பார்க்க வெளியே போய்விட்டான். ராத்திரி பகலாகக் கண்விழித்து மருமகளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

போர்வை மாமியாருடையது. கிழிந்த சட்டை, பழைய பாவாடை, தலையணை உறை என்று எதையும் குப்பையில் போடவிடாமல், சதுரம் சதுரமாக வெட்டி, நீல நூலில் கையாலேயே ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. மேல்துணி முடிகிற நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கண்ணும் மங்கிப்போயிற்று. அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி. "கம்பெனியில மெஷின்தானே ஓட்டுறே? நீயே போட்டுக் குடு" என்று மனசே இல்லாமல் கொடுத்தாள்.

மருமகள் ஓட்டுவது சட்டைக் காலர் தைக்கிற மெஷின். சாப்பாட்டு நேரத்தில், சூப்பர்வைசர் திரும்புவதற்குள், அரக்கப் பரக்க அவ்வளவு தடிமனையும் அதில் திணித்தாள். மேல்துணி ஒரு பக்கம் இழுக்க, அடித்துணி ஒரு பக்கம் இழுக்க, பஞ்சு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது. வீட்டில் விரித்துப் பார்த்தால் மேலே சுருக்கம், அடியில் மடிப்பு, நூல் தொளதொளவென்று தொங்குகிறது.

மாமியார் தடவிப் பார்த்தாள். "இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா கனவுகூடக் கோணலாத்தான் வரும்" என்றாள். மடித்துப் பெட்டியில் வைத்தவள்தான், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அவள் வாய் அப்படி. சாப்பாட்டில் உப்பு கூடினால் தெருவுக்கே கேட்கும். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு 'நல்லாருக்கு' மருமகள் காதில் விழுந்ததில்லை. இந்த வயதில் அதற்கு ஏங்குவது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏங்கினாள். மாமியார் படுக்கையில் விழுந்து, குளிருகிறது, அந்தப் போர்வையை எடு என்றபோது, "இருங்க அத்தை, சரி பண்ணித் தரேன்" என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மெஷின் தையலைப் பிரிப்பாள். ஊசி போட்ட ஓட்டையைத் தண்ணீர் தொட்டு நகத்தால் நீவி மூடுவாள். சுருக்கத்தை இழுத்துவிட்டுக் கையால் தைப்பாள். போவதற்குள் ஒரு தடவையாவது அத்தை இதைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று நாலாவது மூலைக்கு வந்தபோதுதான் பார்த்தாள். அங்கே மெஷின் தையலே இல்லை. யாரோ பிரித்துவிட்டு நீல நூலில் கையால் தைத்திருந்தார்கள். ஒரு தையல் அரிசி நீளம், அடுத்தது விரல் நீளம். நேராகப் போன வரிசை பாதியில் வழி தெரியாமல் திரும்பி, போன பாதையிலேயே வந்து நின்றிருந்தது. யாரோ என்ன யாரோ! இவள் கம்பெனிக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து, தெரியாத கண்ணோடும் நிற்காத கையோடும் மல்லுக்கட்டியிருக்கிறாள் அத்தை. முடியவில்லை என்றதும் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டாள். அந்த மூலையைத் தொடாமல் விட்டு, மீதி வரிசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துக்கொண்டு வந்தாள்.

கடைசி வரிசையில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வந்து சேர்ந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்ன அண்ணி இது, இந்த நேரத்துல போய்த் தையல்?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சும்மா. இதோ."

முடிச்சுப் போட்டு, நூலை அறுத்து, போர்வையை மாமியார்மேல் விரித்தாள். கனம் மேலே விழுந்ததும் மாமியாரின் கண் பாதி திறந்தது. கை மெல்ல நகர்ந்தது. நெஞ்சுப் பக்கம் தடவி, ஓரத்துக்குப் போய், வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை இல்லை. கை அந்த நீல நூல் மூலைக்கு வந்து நின்றது.

"இது... யாரு போட்டது?"

"நான்தான் அத்தை."

"கோழி கிளறின மாதிரி இருக்கு."

"ஆமா அத்தை. அவசரத்துல போட்டுட்டேன்."

"பிரிச்சுப் போடு."

"சரி அத்தை."

கை மறுபடி நெஞ்சுப் பக்கம் போய், அங்கே இருந்த தையலின்மேல் அமர்ந்துகொண்டது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நாத்தனார், திட்டு வாங்கியதற்கு அழுகிறாள் என்று நினைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மத்தியானம் தாண்டி மூச்சு நின்றது. கணவன் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எல்லாரும் அழுது ஓய்ந்த நேரத்தில் நாத்தனார் கத்தரியை எடுத்தாள்.

"அம்மா கடைசியா சொன்னது இது ஒண்ணுதான் அண்ணி. எடுத்துட்டுப் போற வண்டி வர நேரமிருக்கு. நான் பிரிச்சுத் தரேன், நீங்க தைங்க."

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

"பார்க்கவே கோரமா இருக்கே."

"இருக்கட்டும்."

"சரின்னு அவங்ககிட்டச் சொன்னீங்களே! போன பிறகும் அவங்க பேச்சைக் கேக்க மாட்டீங்களா?"

அண்ணனைப் பார்த்தாள் நாத்தனார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் போர்வையைத் தூக்கித் திருப்பினாள். அந்த மூலை மாமியாரின் வலது கைக்கு வருகிற மாதிரி போட்டு, விறைத்துக்கொண்டிருந்த விரல்களை அதன்மேல் எடுத்து வைத்தாள். விரல்களுக்கு நடுவே நீல நூலின் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் கையிலிருந்து கத்தரியை வாங்கி, ஊசிப்பெட்டியில் போட்டு மூடினாள்.